பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைக்கு லெப்டொப்: காசைக் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வெளியாகி, பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் வருவது சந்தோஷம். அடுத்து வருவது கணக்கு. போடிங் வாடகை, பஸ் செலவு, உடுப்பு, புத்தகம் என்று நீளும் அந்தக் கணக்கில் ஒரே தடவையில் கொடுக்க வேண்டிய மிகப் பெரிய தொகை இப்போது பல வீடுகளில் லெப்டொப்புக்கான தொகைதான்.

ஆசிரியர் என்ற வகையில் ஒவ்வொரு வருடமும் இந்தக் காலத்தில் என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான். "சேர், கையில ஒரு இலட்சத்துச் சொச்சம் இருக்கு. எந்த லெப்டொப் நல்லம்?" பெற்றோர் கேட்பது இது. பிள்ளைகளின் கேள்வி வேறு விதமாக இருக்கும்: "சேர், ஐ7 தானே எடுக்கணும்?" இரண்டு கேள்விகளுக்கும் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. ஆனால் எதைப் பார்த்து வாங்க வேண்டும், எதற்கு ஏமாறக் கூடாது என்பதை விளக்கிச் சொல்லலாம். அதற்காகவே இக்கட்டுரை.

2022 மார்ச் மாதத்துக்கு முன்னர் சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் அதன் பின்னர் 300 ரூபாவைத் தாண்டியது. 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 18 சதவீதமானது. லெப்டொப் முழுக்க முழுக்க இறக்குமதிப் பொருள். ஆகவே மூத்த மகனுக்கு 2019 இல் வாங்கிய விலையை மனதில் வைத்துக்கொண்டு இளைய மகளுக்கு இன்று வாங்கப் போனால் அதே தரம் அதே காசுக்குக் கிடைக்காது. இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கையில் இருக்கும் காசுக்குள் அடங்கும் 'புத்தம் புதிய' பெட்டி ஒன்றை வாங்கிவிட்டு, இரண்டாம் வருடம் முடிவதற்குள் அது இழுபடுகிறது, தொங்குகிறது என்று திரும்பவும் காசு தேடுகிறார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். குறைந்த காசுக்கு வாங்கும்போது 'புதியது' என்பதும் 'நல்லது' என்பதும் ஒன்றல்ல. முதலாம் வருடம் வாங்கும் இயந்திரம் நான்காம் வருட ஆய்வுக்கட்டுரை வரை தாக்குப்பிடிக்க வேண்டும். அதைத் தீர்மானிப்பவை மூடியில் இருக்கும் பெயரும் பெட்டியின் பளபளப்பும் அல்ல, உள்ளே இருக்கும் நான்கைந்து விடயங்கள்.

முதலில் பாடநெறி, பிறகு கடை

பிள்ளை எதைப் படிக்கப் போகிறது என்பதை வைத்தே தேவை தீர்மானமாகிறது.

கலை, முகாமைத்துவம், வணிகம், சட்டம், இஸ்லாமிய கற்கைகள், அரபு மொழி, கல்வியியற் கல்லூரிப் பயிற்சி ஆகியவற்றைத் தொடரும் மாணவர்களுக்கு லெப்டொப்பில் நடக்கும் வேலை பெரும்பாலும் எழுதுவதும் வாசிப்பதும்தான். வேர்ட்டில் ஒப்படை, எக்செல்லில் கணக்கு, பவர்பொயின்டில் முன்வைப்பு, பீடிஎஃப் நூல்கள், ஸூம் விரிவுரை. இவற்றுக்கு விலை கூடிய இயந்திரம் தேவையில்லை. எஸ்பிஎஸ்எஸ் போன்ற புள்ளிவிபர மென்பொருளும் மாணவர் ஆய்வு அளவில் சாதாரண லெப்டொப்பில் ஓடும். அரபு மொழி மாணவர்கள் பாவிக்கும் மக்தபா ஷாமிலா நூலகம் விண்டோஸுக்கானது. அதற்கு வேகத்தை விட சேமிப்பு இடம்தான் கூடுதலாகத் தேவை. மருத்துவ மாணவர்களுக்கும் ஆரம்ப வருடங்களில் வாசிப்பும் காணொளிகளும்தான் பிரதான வேலை.

தகவல் தொழில்நுட்பம், கணினி விஞ்ஞானம் படிப்போருக்குத் தேவை அதிகம். அண்ட்ராய்டு செயலி உருவாக்கும் மென்பொருளைத் திறந்து, கூடவே இணையத்தில் பத்துப் பக்கங்களையும் திறந்தால் 8 ஜிபி ரெம் மூச்சு வாங்கும். அவர்கள் 16 ஜிபியை இலக்காக வைக்க வேண்டும்.

பொறியியல், கட்டடக்கலை, கணிய அளவையியல் மாணவர்களின் நிலை வேறு. ஓட்டோகேட், சொலிட்வேர்க்ஸ் போன்ற வரைதல் மென்பொருட்களுக்கு வலுவான இயந்திரம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் பொறியியல் பீடங்களில் எந்தத் துறை என்பது ஆரம்பப் பருவங்களின் பின்னரே தீர்மானமாகிறது. சிவில் துறைக்குப் போகும் பிள்ளைக்கும் மின்னியல் துறைக்குப் போகும் பிள்ளைக்கும் தேவை ஒன்றல்ல. அனுமதிக் கடிதம் வந்த வாரமே தனி கிராபிக்ஸ் கார்ட் உள்ள கேமிங் லெப்டொப்புக்குக் கடன் வாங்குவது அவசரம். அந்த வகை இயந்திரங்கள் பாரமானவை, சார்ஜும் நீண்ட நேரம் நிற்காது. ஒலுவிலில் இருந்தோ பேராதனையில் இருந்தோ வார இறுதியில் பஸ்ஸில் ஊருக்கு வந்து போகும் பிள்ளை இரண்டரை கிலோவைச் சுமக்க வேண்டி வரும்.

எனவே முதல் வேலை, அதே பீடத்தில் இரண்டாம், மூன்றாம் வருடத்தில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இருவரிடம் கேட்பது. என்ன மென்பொருள் பாவிக்கிறீர்கள், எந்த வருடத்தில் அது தேவைப்படுகிறது, கணினிக்கூடத்தில் செய்ய முடியுமா? இந்த மூன்று கேள்விகளும் சில வேளை ஐம்பதாயிரம் ரூபாவை மிச்சப்படுத்தும். விரிவுரைகள் ஆரம்பித்து மூன்று நான்கு வாரம் பொறுத்து வாங்கினாலும் ஒன்றும் கெட்டுப் போகாது. அது வரை பீடத்தின் கணினிக்கூடமும் நூலகமும் இருக்கின்றன.

இன்னொரு விடயம். க்ரோம்புக் என்ற வகை விலை குறைவாகக் கிடைக்கும். பார்ப்பதற்கும் லெப்டொப் போலவே இருக்கும். ஆனால் விண்டோஸ் மென்பொருட்களை அதில் நிறுவ முடியாது. நம் நாட்டுப் பல்கலைக்கழகப் பாவனைக்கு அது பொருத்தமல்ல. அப்பிளின் மெக்புக் தரமானது என்றாலும் சொலிட்வேர்க்ஸ் போன்ற சில மென்பொருட்கள் விண்டோஸுக்கு மட்டுமே உரியவை. பாடநெறியை விசாரிக்காமல் அதில் காசைப் போடக் கூடாது.

பார்க்க வேண்டிய நான்கு விடயங்கள்

கடைக்காரர் சொல்லும் பெயர்களின் நெரிசலில் நான்கை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது ரெம். இதை ஆசிரியரின் மேசை என்று வைத்துக்கொள்ளலாம். மேசை பெரிதென்றால் ஒரே நேரத்தில் பல கொப்பிகளை விரித்து வேலை பார்க்கலாம். சிறிதென்றால் ஒன்றை மூடித்தான் இன்னொன்றைத் திறக்க வேண்டும். விண்டோஸ் 11 தொடங்கியவுடனேயே ஏறத்தாழ 3 ஜிபியைத் தானே எடுத்துக்கொள்ளும். ஆகவே 4 ஜிபி ரெம் உள்ள லெப்டொப்பை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். குறைந்தது 8 ஜிபி, முடிந்தால் 16 ஜிபி. ரெம் பலகையிலேயே ஒட்டப்பட்டுள்ளதா, பின்னர் கூட்டுவதற்கு இடம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். ஒட்டப்பட்டு, கூட்டவும் இடமில்லை என்றால் இன்று வாங்கும் அளவுதான் கடைசி வரை. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களின் கேள்வியால் உலகச் சந்தையில் ரெம் விலை வேகமாக ஏறியது. 'பிறகு மலிவாகக் கூட்டிக்கொள்ளலாம்' என்ற பழைய நம்பிக்கை இப்போது அவ்வளவு உறுதியானதல்ல.

இரண்டாவது சேமிப்பகம். எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும். பழைய வகை ஹார்ட் டிஸ்க் 1 ரிபி என்று பெரிய எண்ணைக் காட்டினாலும் லெப்டொப் திறப்பதற்கே சில நிமிடங்கள் எடுக்கும். 256 ஜிபி எஸ்எஸ்டி பெரும்பாலான மாணவர்களுக்குப் போதும். விலை குறைந்த புதிய லெப்டொப்களில் 'இஎம்எம்சி' என்று ஒன்று வரும். 64 ஜிபி, 128 ஜிபி அளவில் பலகையிலேயே ஒட்டியிருக்கும். அது எஸ்எஸ்டி அல்ல. 64 ஜிபியில் விண்டோஸும் அதன் புதுப்பிப்புகளும் போன பிறகு பிள்ளையின் வேலைக்கு மிஞ்சுவது சொற்பம்.

மூன்றாவது புரொசெஸர். அதிகமாக ஏமாற்றம் நடப்பது இங்கேதான். ஐ3, ஐ5, ஐ7 என்பது வகுப்பு. அதைத் தொடரும் எண்தான் எந்தத் தலைமுறை என்பதைச் சொல்லும். ஐ5-3320எம் என்றால் 3 ஆம் தலைமுறை. ஐ5-8250யூ என்றால் 8 ஆம் தலைமுறை. ஐ5-1135ஜி7 என்றால் 11 ஆம் தலைமுறை. மூன்றும் ஐ5 தான். ஆனால் முதலாவது 2012 இல் வந்தது, இரண்டு கோர்கள் கொண்டது. மற்ற இரண்டும் நான்கு கோர்கள் கொண்டவை. 2015 இல் வந்த ஐ7-5500யூ புரொசெஸரிலும் இரண்டு கோர்கள்தான். அதை விட 12 ஆம் தலைமுறை ஐ3-1215யூ மிக வேகமானது. ஆகவே 'ஐ7 லெப்டொப் மலிவாக' என்று பேஸ்புக்கில் விளம்பரம் கண்டால் முழு எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

ஏஎம்டி நிறுவனத்தின் ரைஸன் புரொசெஸர்களும் நல்லவை. ஆனால் அங்கும் எண்ணில் ஒரு நுட்பம் உண்டு. 7000 தொடரில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பு எவ்வளவு புதியது என்பதைச் சொல்கிறது. ரைஸன் 5 7520யூ நான்கு கோர்கள் கொண்ட பழைய வடிவமைப்பு. ரைஸன் 5 7530யூ ஆறு கோர்கள் கொண்டது, அதற்கு அடுத்த வடிவமைப்பு. ஒரு இலக்கம்தான் வித்தியாசம், வேலையில் வித்தியாசம் பெரிது.

செலரோன் என்4020, என்4500 போன்றவை இரண்டு கோர்களுடன் மிகக் குறைந்த விலைக்காகச் செய்யப்பட்டவை. இன்டெல் 2023 முதல் புதிய லெப்டொப்களில் செலரோன், பென்டியம் என்ற பெயர்களை விட்டுவிட்டது. கடையில் இப்போதும் அவை 'பிரேண்ட் நியூ' என்று இருந்தால் அது பழைய இருப்பு என்று விளங்கிக்கொள்ளலாம்.

நான்காவது திரை. 1366க்கு 768 என்பது பழைய அளவு. 1920க்கு 1080 இருக்க வேண்டும். ஒரு பக்கம் பீடிஎஃப், மறுபக்கம் வேர்ட் என்று இரண்டையும் அருகருகே வைத்து வேலை செய்யும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் அன்றாடம் தெரியும். கண்ணுக்கும் சுகம்.

இவற்றோடு ஒரு திகதியையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 க்கு இன்டெல் என்றால் பொதுவாக 8 ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். ரைஸன் என்றால் 3000 தொடரிலிருந்து பார்ப்பது நல்லது. 6 ஆம், 7 ஆம் தலைமுறை லெப்டொப்கள் சந்தையில் மலிந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சில கடைகளில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஐ ஏற்றிக் கொடுக்கிறார்கள். அது இன்று ஓடும், நாளை ஒரு பெரிய புதுப்பிப்பு வரும்போது நின்றுவிடலாம்.

புதியதா, பாவித்ததா?

காசு தாராளமாக இருந்தால் நல்ல புதியதை வாங்குங்கள், பேச்சில்லை. மட்டுப்பட்ட காசு என்றால் கேள்வி வேறு: மிகக் குறைந்த தரத்தில் புதியதா, நல்ல தரத்தில் பாவித்ததா? என் பதில் இரண்டாவது.

வெளிநாடுகளில் பெரிய கம்பனிகள் தம் ஊழியர்களுக்கு வாங்கும் லெப்டொப்களை மூன்று நான்கு வருடங்களில் மொத்தமாக மாற்றிவிடுகின்றன. அவை துப்புரவு செய்யப்பட்டு நம்மைப் போன்ற நாடுகளுக்கு வருகின்றன. டெல் லெட்டிடியூட், எச்பி எலைட்புக், லெனோவோ தின்க்பேட் போன்றவை அலுவலகப் பாவனைக்கென்றே செய்யப்பட்டவை. விசைப்பலகையும் மூடியின் கீலும் உறுதியானவை, உதிரிப்பாகங்களும் கிடைக்கும். லெட்டிடியூட் 5400, எலைட்புக் 840 ஜி5, தின்க்பேட் டி480 ஆகியவை 8 ஆம் தலைமுறை இன்டெல் புரொசெஸரோடு வந்தவை. இவற்றில் ரெம், எஸ்எஸ்டி இரண்டையும் பின்னர் கூட்டிக்கொள்ளலாம். காசு இன்னும் கொஞ்சம் இருந்தால் 10 ஆம், 11 ஆம் தலைமுறைக்குப் போவது இன்னும் நல்லது. இவை உதாரணங்கள் மட்டுமே. பெயரைக் கேட்டு வாங்காமல் மேலே சொன்ன நான்கையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

விலையை ஒப்பிட கொழும்பு பம்பலப்பிட்டியில் உள்ள யுனிட்டி பிளாஸா போன்ற இடங்களில் நான்கு கடை ஏறி இறங்குவது நல்லது. தூரத்தில் இருப்பவர்கள் கொழும்பில் படிக்கும் பிள்ளை ஒருவரை அனுப்பியாவது விசாரிக்கலாம். ஊரில் நம்பிக்கையான கடை இருந்தால் இரண்டாயிரம், மூவாயிரம் கூடினாலும் அங்கேயே வாங்குங்கள். பழுது வந்தால் நடந்து போய்க் கொடுக்கலாம்.

இவை எல்லாவற்றிலும் மலிவான வழி ஒன்றும் உண்டு. வீட்டில் மூத்த பிள்ளையின் பழைய லெப்டொப் கிடக்கிறதா? 8 ஆம் தலைமுறைக்குக் குறையாததாக இருந்தால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, ரெம்மைக் கூட்டிப் பாருங்கள். புதிய இயந்திரத்தின் விலையில் ஒரு சிறு பங்குதான் செலவாகும். ஒப்படை எழுதும் மாணவருக்கு இன்னும் சில வருடங்கள் அது உழைக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் வாப்பா அல்லது மாமா அனுப்பும் லெப்டொப்பும் பல வீடுகளில் வருகிறது. வாங்குவதற்கு முன் அவரிடம் இரண்டு விடயங்களைச் சொல்லுங்கள். மேலே சொன்ன நான்கும் இங்கிருந்து எழுதிப் போகட்டும். அந்த வொரண்டி இலங்கையிலும் செல்லுபடியாகுமா என்பதை அங்கேயே கடையில் கேட்டு உறுதிப்படுத்தட்டும். செல்லாது என்றால் விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் மட்டுமே அங்கு வாங்குவதில் அர்த்தம் உண்டு.

பாவித்ததை வாங்கும்போது செய்ய வேண்டிய பரிசோதனை

கடையில் அரை மணித்தியாலம் கேளுங்கள். நல்ல வியாபாரி மறுக்க மாட்டார். கொஞ்சம் விபரம் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

1. லெப்டொப்பை முழுமையாக அணைத்துவிட்டு உங்கள் கண் முன்னே திறக்கச் சொல்லுங்கள். திறக்கும்போது டெல் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10, தின்க்பேட் என்றால் எஃப்1 விசையை அழுத்தினால் பயோஸ் பக்கம் வரும். அங்கே கடவுச்சொல் கேட்டால் வாங்காதீர்கள். பழைய உரிமையாளரின் பூட்டு இன்னும் கழற்றப்படவில்லை.

2. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் திறக்கும். அதன் பெர்ஃபோமன்ஸ் பகுதியில் புரொசெஸரின் முழுப் பெயர், ரெம் அளவு, எஸ்எஸ்டியா ஹார்ட் டிஸ்க்கா என்பதெல்லாம் தெரியும். வெளியே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம்.

3. பெட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே அதற்கு வசதி உண்டு. தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் கொள்ளளவும் அதில் இருக்கும். இப்போதைய அளவு பாதியை நெருங்கினால் புதிய பெட்டரிக்கான செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். மின்வெட்டு எப்படி இருக்கும் என்பதை நாம் அறிந்தவர்கள்.

4. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தைப் பார்க்கலாம்.

5. வேர்ட்டைத் திறந்து எல்லா விசைகளையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். பென் டிரைவ் ஒன்றை எல்லா யூஎஸ்பி துளைகளிலும் போட்டுப் பாருங்கள். கெமரா, மைக், ஸ்பீக்கர், வைஃபை, ஹெட்போன் துளை ஆகியவற்றையும் பாருங்கள். மூடியைத் திறந்து மூடி, கீல் ஆடுகிறதா என்று கவனியுங்கள்.

6. இருபது நிமிடம் ஒரு காணொளியை ஓட விடுங்கள். அளவுக்கு மீறிச் சூடானால், விசிறி இரைந்தால், திடீரென அணைந்தால் விட்டுவிடுங்கள்.

7. விண்டோஸ் செட்டிங்ஸில் அக்டிவேஷன் என்ற இடத்தைப் பாருங்கள். அலுவலக லெப்டொப்கள் பலவற்றில் விண்டோஸ் உரிமம் இயந்திரத்தோடேயே வரும். அதற்குத் தனியாகக் காசு கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

இணைய விளம்பரத்தில் தனி நபரிடம் வாங்குவதானால் முற்பணம் அனுப்பவே வேண்டாம். நேரில் பார்த்து, பரிசோதித்து, விற்பவரின் அடையாள அட்டைப் பிரதியும் கையொப்பமும் வாங்கிக்கொண்டு காசைக் கொடுங்கள். சந்தைக்கு மிகக் குறைவான விலை என்றால் அது களவுப் பொருளாகவும் இருக்கலாம். பொலிஸ் விசாரணை வந்தால் அலைய வேண்டியது பிள்ளைதான்.

தவணைக் கணக்கும் கைக்காசுக் கணக்கும்

'மாதம் 8,500 ரூபா மட்டும்' என்ற விளம்பரம் லேசாகத் தெரியும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். கைக்காசுக்கு 150,000 ரூபாவான லெப்டொப்பை 24 மாதம் 8,500 ரூபா வீதம் கட்டினால் மொத்தம் 204,000 ரூபா. 54,000 ரூபா மேலதிகம். வட்டி நமக்கு ஹராம் என்பது ஒருபுறம். வருமானம் குறைந்த குடும்பத்துக்கு உலகக் கணக்கிலும் அது நட்டம். அந்த 54,000 ரூபாவில் ஒரு பிள்ளையின் பல மாதப் போடிங் வாடகை அடங்கும். உம்மாவின் நகையை வட்டிக்கு அடகு வைத்து வாங்குவதும் இதே கணக்குத்தான்.

கடனட்டைக்கு 'பூச்சிய வட்டித் தவணை' என்று வந்தாலும், சேவைக் கட்டணம் உண்டா, ஒரு தவணை பிந்தினால் என்ன நடக்கும், கைக்காசு விலையும் தவணை விலையும் ஒன்றா என்று கேளுங்கள். முறாபஹா முறையில் வாங்குவதானால் மொத்த விலையை முதலிலேயே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அதற்கு முன்னர் பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவில், மாணவருக்கான உதவித் திட்டம் ஏதும் நடைமுறையில் உள்ளதா என்று விசாரிக்கத் தவற வேண்டாம். மகாபொல, பர்சரி விண்ணப்பங்களையும் உரிய காலத்தில் அனுப்புங்கள். அவை பிந்தி வந்தாலும் பின்னர் ரெம் கூட்டவோ பெட்டரி மாற்றவோ உதவும்.

கையில் உள்ள முழுத் தொகையையும் லெப்டொப்பிலேயே போட்டுவிடாதீர்கள். 150,000 ரூபா இருந்தால் 130,000 ரூபாவுக்குள் இயந்திரத்தை முடித்து, மிச்சத்தை நல்ல பை, மின்னழுத்தப் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன், பிரதி எடுத்து வைக்க ஒரு வெளி டிஸ்க் ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். லெப்டொப் பழுதானால் திருத்தலாம். அதில் மட்டும் இருந்த ஆய்வுக்கட்டுரை போனால் ஒரு வருடமே போகலாம். கூகுள் டிரைவில் 15 ஜிபி இலவசம். எழுதியதை அன்றன்றே அதில் ஏற்றிவைக்கும் பழக்கத்தைப் பிள்ளைக்கு ஏற்படுத்துங்கள்.

மென்பொருளுக்கும் காசு செலவழிக்க அவசரப்பட வேண்டாம். லிப்ரே ஒபிஸ் முழுமையாக இலவசம். பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி கிடைத்ததும் மைக்ரோசொப்ட் ஒபிஸை இலவசமாகப் பெற முடியுமா என்று பீடத்தில் கேளுங்கள். ஓட்டோகேட்டை அதன் நிறுவனமே மாணவர்களுக்கு இலவசமாக வழங்குகிறது. 'கிரெக்' செய்யப்பட்ட மென்பொருளோடு வைரஸும் வரும், ஒப்படைகளும் போகும்.

பில்லும் வொரண்டியும்

காசைக் கொடுக்கும் முன் பில்லின் பின்பக்கத்தை வாசியுங்கள். நம் நாட்டுக் கணினிக் கடைகள் பலவற்றின் பில்லில் ஒரு வருட வொரண்டி என்பது 350 நாட்கள் என்றுதான் இருக்கும். எரிந்த அடையாளம், துரு, உடைவு, நீர் பட்டது, மின்னல் தாக்கம் ஆகியவற்றுக்கு வொரண்டி இல்லை என்றும் இருக்கும். மூன்று வருட வொரண்டி என்றாலும் பெட்டரிக்கும் சார்ஜருக்கும் பெரும்பாலும் ஒரு வருடம்தான். பாவித்ததற்கு எத்தனை மாதம், பழுதானால் திருத்தித் தருவார்களா மாற்றித் தருவார்களா என்பதை வாய்ப் பேச்சோடு விடாமல் எழுத்தில் வாங்குங்கள்.

பில்லில் தொடரிலக்கம், புரொசெஸரின் முழு எண், ரெம், எஸ்எஸ்டி அளவு எல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும். 'லெப்டொப் 1' என்று மட்டும் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்றால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் விவகார அதிகாரசபையில் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அப்போது கையில் இருக்க வேண்டியது அந்தப் பில்தான்.

உதவி செய்வோரிடம் ஒரு வேண்டுகோள்

பள்ளிவாசல் நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் தனவந்தர்களும் பல்கலைக்கழகம் நுழையும் ஏழை மாணவர்களுக்கு லெப்டொப் வழங்குவது நல்லதொரு வழமையாகி வருகிறது. அந்த நல்ல வேலையில் ஒரு சிறு திருத்தம் தேவை. இருக்கும் காசுக்கு எத்தனை பேருக்குக் கொடுக்கலாம் என்று மட்டும் பார்த்து, மிகக் குறைந்த விலைப் புதிய பெட்டிகளை வாங்கி மேடையில் கையளித்தால் படம் அழகாக இருக்கும். 4 ஜிபி ரெம்மும் 64 ஜிபி சேமிப்பகமும் கொண்ட அந்தப் பெட்டி ஒரு வருடத்தில் மூலையில் கிடக்கும். கொடுத்தவரிடம் போய்க் குறை சொல்லவும் பிள்ளைக்கு வெட்கம்.

அதற்குப் பதிலாக, விபரம் தெரிந்த இரண்டு பட்டதாரிகளை வைத்து, 8 ஜிபி அல்லது 16 ஜிபி ரெம் உள்ள நல்ல பாவித்த அலுவலக லெப்டொப்களை மொத்தமாகப் பேசி வாங்கலாம். பத்து ஒன்றாக வாங்கினால் விலையும் குறையும், வொரண்டியையும் உறுதியாகக் கேட்கலாம். படிப்பை முடித்த மாணவர் அதைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த பிள்ளைக்குப் பெட்டரி மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடும் செய்யலாம். காசு அதேதான், பயன் பல வருடம்.

பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை. கூடப் படிக்கும் நண்பனிடம் மெக்புக் இருக்கலாம், வெளிச்சம் மின்னும் கேமிங் லெப்டொப் இருக்கலாம். விரிவுரையாளர் பார்ப்பது ஒப்படையின் உள்ளடக்கத்தைத்தான். வாப்பா மாதக்கணக்கில் சேமித்த காசு எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். 'ஐ7 தான் வேண்டும்' என்று பிடிவாதம் பிடிக்கும் முன், அந்த ஐ7 க்குப் பின்னால் வரும் எண்ணைப் படித்துப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது ஒரு துண்டுக் கடதாசியில் இதை எழுதிக்கொண்டு போகலாம்: ரெம் 8 ஜிபிக்குக் குறையாமல், எஸ்எஸ்டி 256 ஜிபி, இன்டெல் 8 ஆம் தலைமுறைக்குக் கீழ் வேண்டாம், திரை 1920க்கு 1080, பெட்டரி ரிப்போர்ட், எழுத்தில் வொரண்டி. கடைக்காரர் வேறு என்ன காட்டினாலும் இந்தத் துண்டோடு ஒப்பிட்ட பிறகே காசை எடுங்கள்.